தமிழ் தெரிந்தாலும் வெளிநாட்டவர்தான்: வேலைக்காக இந்தியா செல்வோர் கவனத்திற்கு

வேலைக்காக இந்தியாவுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் கிள்ளானிலும் சிராங்கூனிலும் இன்றும் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். அங்கிருந்துதானே இங்கே வேலைக்கு வருகிறார்கள், இவர் எதற்காக அங்கே போகிறார் என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்கள் வந்த திசை அதுதான்.

எனினும் 1990களிலிருந்து எதிர்த்திசையிலும் ஒரு சிறு ஓட்டம் இருந்து வருகிறது. பெங்களூரு வைட்ஃபீல்டில் சிங்கப்பூர், இந்திய நிறுவனங்கள் கூட்டாகத் தொழில்நுட்பப் பூங்கா அமைத்தன. மலேசியக் கட்டுமான நிறுவனங்கள் ஆந்திராவில் நெடுஞ்சாலை போட்டன. ஹைதராபாத் கூகட்பள்ளியில் மலேசியர்கள் கட்டிய குடியிருப்பை அந்த ஊர் மக்கள் இன்றும் ‘மலேசியன் டவுன்ஷிப்’ என்றுதான் சொல்கிறார்கள். 2006-இல் மேக்சிஸ் நிறுவனம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ஏர்செல்லின் பெரும்பங்கை வாங்கியபோது மலேசியர்கள் சிலர் சென்னையில் வீடு தேடினார்கள். (அந்த நிறுவனம் 2018-இல் நொடித்துப்போனது வேறு கதை.) ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் கொரியர்கள் சென்னைக்குக் குடும்பத்தோடு வந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் தங்கிப் போகிறார்கள்.

கொரியருக்கும் நம்மவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொரியர் தாம் அந்நியர் என்று தெரிந்தே விமானம் ஏறுகிறார். மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அவருடைய நிறுவனம் கார், ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறது. நம்மவரோ, “நமக்கென்ன, தமிழ் தெரியுமே, இட்லி தோசை கிடைக்குமே” என்று ஒரு பெட்டியோடு போய் இறங்குகிறார். முதல் மூன்று மாதங்களில் அதிகம் தடுமாறுகிறவர் பெரும்பாலும் இவர்தான். தெருவில் அவர் உள்ளூர்க்காரராகத் தெரிகிறார். அலுவலகத்தில் அவர் வெளிநாட்டவர். இரண்டு பக்கமும் அவருக்குச் சலுகை இல்லை.

கிள்ளானிலிருந்து ஒரு கணக்காளர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் சென்னைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வழியாகவே இதைப் பார்ப்போம்.

வந்த 14 நாளில்

முதலில் விசா. சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ போய் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. வேலை விசா என்று தனியாக ஒன்று உண்டு. இந்தியர்களே தாராளமாகக் கிடைக்கும் வேலைக்கும், எழுத்தர் போன்ற அன்றாட வேலைக்கும் அதைத் தரமாட்டார்கள். ஆண்டுக்கு 16 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்பது பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வரும் விதி. சொந்த நாட்டுச் சமையல் செய்யும் சமையற்காரர், ஆங்கிலம் அல்லாத மொழியைக் கற்பிப்பவர் போன்ற சிலருக்கு மட்டும் அதில் விலக்கு அளிக்கப்பட்டது. எனவேதான் கொரிய உணவகத்தில் கொரியச் சமையற்காரரைப் பார்க்க முடிகிறது.

அடுத்து, 180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வந்தவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். முன்பெல்லாம் சென்னையில் ஹாடோஸ் சாலையில் உள்ள அலுவலகத்தில் காலையிலேயே வரிசை பிடிப்பார்கள். 2018 முதல் இது இணையத்தின் வழி நடக்கிறது. 1939, 1946-ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பரில் புதிய குடிநுழைவுச் சட்டமும் நடப்புக்கு வந்துவிட்டது. ஆனாலும் கேட்கப்படும் தாள்கள் ஏறக்குறைய அவைதான்: கடப்பிதழ், விசா, நிறுவனத்தின் கடிதம், வேலை ஒப்பந்தம், தங்குமிடத்துக்கான ஆதாரம்.

இந்தக் கடைசித் தாளில்தான் நம் கணக்காளர் மாட்டிக்கொள்கிறார். தங்குமிட ஆதாரம் வேண்டுமென்றால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரர் முன்பணம் கேட்கிறார். முன்பணத்தைச் செலுத்த இந்திய வங்கிக் கணக்கு இருந்தால் நல்லது. வங்கியோ இந்திய முகவரிக்கு ஆதாரம் கேட்கிறது. அதற்குப் பதிவு அலுவலகத்தின் சான்றைக் காட்டலாம். அந்தச் சான்றுக்கோ வாடகை ஒப்பந்தம் வேண்டும்! சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்துவிட்டார். இதற்கிடையில் 14 நாட்களில் ஒன்பது போய்விட்டது.

விடுபடும் வழி எளிமையானது. ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் மாதத்துக்கு நிறுவனத்தின் விருந்தினர் இல்லத்திலோ, வெளிநாட்டவரை முறையாகப் பதிவு செய்யும் தங்கும் விடுதியிலோ இருந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் எவரும், வீட்டு உரிமையாளர் உட்பட, 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ‘சி படிவம்’ என்று நெடுங்காலமாக அழைக்கப்பட்டது இதுதான். விடுதிகளுக்கு இது பழகிய வேலை. தனி வீட்டுக்காரர்களில் பலர் இதைக் கேட்டதும் பின்வாங்கிவிடுகிறார்கள். “போலீஸ் அது இதுன்னு அலைய நமக்கு முடியாது சார்” என்பார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர்களுக்குத் தெரியாததன் மீது அவர்களுக்குப் பயம்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்து வளர்ந்தவர், கையில் கோப்போடு தம் பெயர் எப்போது வரும் என்று காத்திருப்பது அநேகமாக அதுவே முதல் தடவையாக இருக்கும். நம் குடிநுழைவு அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வங்காளதேச, நேப்பாள ஊழியர்களின் முகம் அப்போது அவருக்கு நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

“பாட்டன் பிறந்த ஊராயிற்றே, நமக்குமா விசா?” என்று ஒருவர் கேட்கலாம். வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவருக்குப் பொதுவாக வேலை விசாவும் வேண்டாம், இந்தப் பதிவும் வேண்டாம். எத்தனையாவது தலைமுறை வரை அந்த அட்டை கிடைக்கும் என்ற வரம்பு காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. தலைமுறைக் கணக்கு ஒத்துவந்தாலும் தாள் ஒத்துவருவதில்லை. ரஜூலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கிய பாட்டனின் ஊர்ப்பெயர் குடும்பத்துக்குத் தெரியும், குலதெய்வம்கூடத் தெரியும். அவர் அங்கே பிறந்தார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. தோட்டத்து வீட்டில் பழைய தகரப்பெட்டி இருந்தால், போவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

“சொந்த ஊர் எது தம்பி?”

வீடு தேடும்போது வேறொரு பரீட்சை காத்திருக்கிறது. முன்பணம் அதிகம் என்பது தெரிந்ததுதான். பெங்களூருவில் 10 மாத வாடகை வரை கேட்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதப்படும். ஓராண்டுக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது; அதைத் தவிர்க்கவே அந்தப் பதினொன்று. இதெல்லாம் பணத்தோடு போகும்.

கேள்விகள்தான் பணத்தோடு போவதில்லை. வீட்டுக்கார அம்மா காப்பி கொடுத்து அன்பாகத்தான் தொடங்குவார். “சொந்த ஊர் எது தம்பி?” கிள்ளான் என்றால் அவர் விடமாட்டார். “அது சரி, பூர்வீகம்?” நாமக்கல் பக்கம் என்றால், “நாமக்கல்லுல எந்த ஊரு? யாரு வகையறா?” என்று கேள்வி போகும். “அசைவம் சமைப்பீங்களா?” என்பது அடுத்தது. இவற்றில் பாதி வெறும் ஆவல். சொந்த பந்தம் கண்டுபிடிக்கும் பழக்கம். மறுபாதி சாதி விசாரணை. எது எது என்று நம்மவருக்குப் பிரித்தறியத் தெரியாது. சில கட்டடங்களில் முஸ்லிம் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பது கடினம் என்பதும் அங்கே வெளிப்படையாகப் பேசப்படும் செய்தி.

இதைக் கேட்டு, “இந்தியா இன்னும் இப்படியா?” என்று முகம் சுளிப்பது எளிது. வாடகை விளம்பரத்தில் ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வரியைக் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பார்த்தவர்கள் அப்படிச் சுளிக்கமாட்டார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கே கதவு தொலைபேசியிலேயே சாத்தப்படும். அங்கே காப்பி குடித்த பிறகு. பதில் சொல்ல விருப்பமில்லாதவர், “தாத்தா காலத்துலயே மலேசியா போய்ட்டாங்கம்மா, எங்களுக்கு அதெல்லாம் தெரியாது” என்று சொல்லிவிடலாம். பாதி இடத்தில் அத்தோடு விடுவார்கள். விடாத இடத்தில் குடியிருக்காமல் இருப்பதே மேல்.

தமிழே தடுமாறும் இடங்கள்

மொழி நமக்குப் பலம்தான், சந்தேகமில்லை. ஆனால் நம் வீட்டுத் தமிழ் சென்னையில் அப்படியே ஓடாது. “பசியாறிட்டீங்களா?” என்று அலுவலகத்தில் கேட்டால் பக்கத்து மேசைக்காரர் ஒரு கணம் விழிப்பார். “டிபன் ஆச்சா?” என்றால் புரியும். கார் என்பதைக் ‘காடி’ என்றாலோ, தட்டை ‘மங்கு’ என்றாலோ சிரிப்பு வரும். சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்ல ‘பங்குஸ்’ உதவாது. ‘பார்சல்’ என்ற ஒரே சொல் காஷ்மீர் வரை போதும். கடப்பிதழ், குடிநுழைவு, கைத்தொலைபேசி என்று நம் பத்திரிகையும் வானொலியும் பழக்கிய நல்ல தமிழ்ச் சொற்களைச் சொன்னால், “சார் தமிழ் வாத்தியாரா?” என்று கேட்பார்கள். உச்சரிப்பைக் கேட்ட ஆட்டோ ஓட்டுநர், “சார் சிலோனா?” என்பார். சிலோனோ மலேசியாவோ, அந்தக் கேள்விக்குப் பிறகு கட்டணம் சற்றே ஏறும்.

விளிக்கும் முறையிலும் ஒரு சிக்கல். இங்கே முன்பின் தெரியாதவரையும் ‘அண்ணே’, ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பழகியவர், சென்னை அலுவலகத்தில் மேலதிகாரியை ‘அண்ணே’ என்றால் சரிவராது. அங்கே ‘சார்’, ‘மேடம்’. கடையிலும் ஆட்டோவிலும் ‘அண்ணா’ நன்றாகவே வேலை செய்யும்.

சொல்லைவிடத் தலையாட்டல் கடினம். “நாளைக்கு முடிச்சிடலாம் சார்”, “பார்க்கலாம்”, “பத்து நிமிஷத்துல வந்துடுவேன்” என்பவை தேதியோ நேரமோ அல்ல. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என எண்ணும் பழக்கத்தில் வருபவை. இதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு சத்தம் போடுகிறவர் அடுத்த முறையும் அதே பதிலைத்தான் பெறுவார், இன்னும் பணிவாக. “நாளைக்குக் காலையில உங்களுக்கு வேற என்ன வேலை இருக்கு?” என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தால் உண்மை நிலவரம் வெளியே வந்துவிடும்.

சென்னையை விட்டு வெளியே வேலை கிடைத்தால் கணக்கே மாறும். பெங்களூருவில் தமிழ் பல இடங்களில் புரியும், ஆனால் அது கன்னட ஊர் என்பதை மறக்கக் கூடாது. மும்பையிலும் குர்கானிலும் நம்மவரின் நிறத்தைப் பார்த்து இந்தியில் பேசுவார்கள். விழித்தால் ‘மதராசி’ என்று முடிவு கட்டுவார்கள். அங்கே கொரியரைவிட நம்மவருக்குத்தான் சங்கடம். கொரியரிடம் யாரும் இந்தியை எதிர்பார்ப்பதில்லை.

ஆளால் ஓடும் வீடு

இங்கே இயந்திரமோ நகராண்மையோ செய்யும் பல வேலைகளை அங்கே ஓர் ஆள் செய்கிறார். காலை ஆறு மணிக்கு முன்பே பால்காரர். பாக்கெட்டின் நிறத்தைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பிறகு குப்பை எடுப்பவர், 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் பையன், தெருமுனை வண்டியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவர், பாத்திரம் துலக்கும் அம்மா, வாட்ச்மேன். இவர்களின் பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் தெரிந்தவருக்கு வீடு ஓடும். தெரியாதவருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், அடுக்ககங்களில் லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று முதலில் தெரிந்தவர் வாட்ச்மேன்தான்.

வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் வெளிநாட்டவர் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒருவர் இரக்கப்பட்டு அக்கம்பக்கத்தில் தருவதைப்போல் மூன்று மடங்கு கொடுத்துவிட்டு, அவர் போன பிறகு வேறு யாரும் அந்த அம்மாவை வைத்துக்கொள்ள முடியாதபடி செய்துவிடுகிறார். இன்னொருவர் மாதச் சம்பளத்தோடு உறவு முடிந்தது என்று நினைக்கிறார். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவதும், பள்ளி திறக்கும் மாதத்தில் முன்பணம் கேட்டால் கொடுத்துப் பிறகு கழித்துக்கொள்வதும் எழுதாத ஒப்பந்தத்தின் பகுதி. பக்கத்து வீட்டில் அந்த அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருப்பதைப் பார்க்க நேரலாம். பக்கத்து வீட்டைத் திருத்த இரண்டு ஆண்டு ஒப்பந்தக்காரரால் முடியாது. தம் வீட்டில் எந்த டம்ளரில் காப்பி கொடுப்பது என்பது அவர் கையில் இருக்கிறது.

பணம் கொடுப்பதும் மாறிவிட்டது. 2016-இல் யுபிஐ வந்த பிறகு இளநீர் வண்டியில்கூடக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. இந்திய வங்கிக் கணக்கும் இந்தியத் தொலைபேசி எண்ணும் வரும் வரை வெளிநாட்டவர் பெரும்பாலும் சில்லறையோடுதான் அலைய வேண்டியிருக்கும். சிறு செய்தி: நம் மூன்று சதுரமுனைச் செருகி அங்கே பொருந்தாது, அவர்களுடையது உருண்டை முனை.

வீட்டு முகவரி இன்னொரு வேடிக்கை. சென்னையில் பல வீடுகளுக்குப் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டு. இரண்டையும் எழுதினாலும் பொருள் கொண்டுவருபவர் தொலைபேசியில், “பக்கத்துல என்ன இருக்கு சார்?” என்றுதான் கேட்பார். பிள்ளையார் கோவிலோ மருந்துக்கடையோ சொன்னால்தான் வருவார்.

இரண்டரை மணி நேரம்

வெளியே தெரியாத பாரம் குடும்பத்துடையது. நம் கணக்காளரின் மனைவி இங்கே ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். கணவரோடு போனால் அவருக்குக் கிடைப்பது துணைவருக்கான விசா. அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்றவர், பகல் முழுதும் தண்ணீர் கேனுக்காகக் காத்திருக்கிறார். ஓராண்டில் திரும்பிவிடும் குடும்பங்களில் பல இந்தக் காரணத்தால்தான் திரும்புகின்றன; தூசியாலோ வெயிலாலோ அல்ல. கணவர் முதலாளியோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் எதிரே உள்ள நிறுவனத்துக்கு மாறிவிட முடியாது. பொதுவாக வேலை விசா அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. ஊர் திரும்பிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். அலுவலகம் முடித்து, நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, சாப்பிட்டு எட்டரை மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டால் கிள்ளானில் மணி பதினொன்று. அம்மா தூங்கியிருப்பார். காலையில் கூப்பிடுவது நல்லது. அவர் ஆறரைக்கு எழுந்திருக்கும்போது அங்கே மணி ஒன்பது, அம்மா கோவிலுக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்.

மாட்டிக்கொள்ளும் சேமநிதி

பணத்தில் ஏமாறும் இடம் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வருமான வரி நம்மவருக்குப் புதிதல்ல. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டில் 182 நாள் தங்கினால் பொதுவாக அங்கே வரிக்குரிய குடியிருப்பாளர். மலேசியாவிலும் அதே 182 தான். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களும் இரு நாடுகளோடும் உண்டு.

சேமநிதிதான் கண்ணில் படாமல் போகும். 2008 அக்டோபரில் இந்தியா தன் ஊழியர் சேமநிதியில் ‘அனைத்துலக ஊழியர்’ என்று தனிப் பிரிவு வைத்தது. இந்திய ஊழியருக்கு ஊதியத்தில் ஒரு வரம்பு வரைதான் கட்டாயச் சந்தா. வெளிநாட்டவருக்கு வரம்பே இல்லை, முழு ஊதியத்தில் 12 விழுக்காடு. 2010-இல் செய்த திருத்தத்தின்படி, சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத நாட்டவர் பொதுவாக 58 வயதுக்குப் பிறகே அதை எடுக்க முடியும். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அந்த ஒப்பந்தம் உண்டு. சிங்கப்பூர் 2005-இலேயே இந்தியாவோடு விரிவான பொருளியல் ஒப்பந்தம் செய்துகொண்டதால், மத்திய சேமநிதியில் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் சிங்கப்பூரருக்கு விலக்கு கிடைத்தது. மலேசியாவின் அத்தகைய ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது 2011-இல். விலக்குக்கான தேதியோ 2008. ஆக, ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் சிங்கப்பூரருக்குப் பிடித்தம் இல்லை, மலேசியருக்கு உண்டு. முப்பது வயதில் இரண்டு ஆண்டு வேலை செய்தவர் அந்தப் பணத்துக்காக 28 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இந்தத் தனி விதி செல்லாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. செல்லும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2025-இல் சொன்னது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, இந்தப் பிடித்தத்தை யார் ஏற்பது என்று முதலாளியிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால், “பார்க்கலாம்” என்ற பதில்தான் வரும். அதன் பொருள் இப்போது வாசகர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பும்போதும் தாள்கள் தொடரும். வீட்டுக்காரர் வெள்ளையடித்த செலவென்று முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை வாங்க ஆள் வருவார், பிரஷர் குக்கரை வேலை செய்த அம்மா கேட்பார். கடைசி நாளில் வங்கிக் கணக்கை மூடிவிட்டுக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் தவறு. மீதி முன்பணமும் கூடுதலாகக் கட்டிய வரியும் திரும்பி வர மாதங்கள் ஆகும். வெளிநாடு சென்றவருக்குரிய கணக்காக மாற்றித் தரும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த இந்தியத் தொலைபேசி எண்ணையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். வங்கி அனுப்பும் ஆறு இலக்க எண் அந்தத் தொலைபேசிக்குத்தான் வரும்.